கொழும்பில் இளவேனில்: ஒரு மரம், ஒரு குயில், சித்திரா பூரணை வரை

பங்குனி பிறந்துவிட்டால் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டுச் சுவர்கூடக் கையைச் சுடும். இரவு பத்து மணிக்கும் மின்விசிறி வெக்கையைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கும். இந்த நாட்களில் வசந்தம் என்ற சொல்லை எடுத்தால் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் தமிழரின் ஆறு பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். நம் கோயில்களில் எழுந்தருளி மூர்த்தி இருக்கும் இடத்துக்கு வசந்தமண்டபம் என்றுதான் பெயர். வசந்தமண்டபப் பூசை முடிந்து சுவாமி வெளிவீதி வரும்போது கைகூப்பி நிற்கிறோம். அந்தப் பெயரில் உள்ள வசந்தம் வெளியே எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்ததில்லை.

நான் தேடத் தொடங்கியது அம்மா இறந்ததற்கு அடுத்து வந்த பங்குனியில். ஆண்டுத் திவசம் முடியாததால் அந்த முறை வீட்டில் புத்தாண்டு இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். அப்படித் தொடங்கிய பழக்கம் இன்று வழிபாடாகவே ஆகிவிட்டது. அதை நீங்களும் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சைவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் யாராக இருந்தாலும் செய்யலாம். உங்கள் பிரார்த்தனை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பர் சுவாமிகளை ஏழு நாள் நீற்றறையில் அடைத்துவைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். அந்தக் கொதிக்கும் சுண்ணாம்பு அறைக்குள் இருந்துகொண்டு அவர் பாடிய தேவாரத்தில் வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டுகள் மொய்க்கும் பொய்கை என்ற ஐந்தும் இறைவனின் திருவடி நிழலுக்கு உவமையாக வருகின்றன. சிறுவயதில் மனப்பாடம் செய்து ஒப்பித்த பாட்டு. இளவேனில் என்ற சொல் ஒரு சூளைக்குள்ளிருந்து எழுந்தது என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது. கொழும்பின் வெக்கை வசந்தத்துக்குத் தடை என்ற எண்ணம் அன்றோடு போய்விட்டது. அந்த ஐந்தையும் இந்த நகரத்துக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப்போவதுதான் இந்த வழி.

நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

பங்குனி முதலாம் திகதி, அதாவது மார்ச் நடுப்பகுதியில் தொடங்குங்கள். சித்திரா பூரணையன்று முடியுங்கள். ஆண்டைப் பொறுத்து அது ஒரு மாதமாகவும் இருக்கும், இரண்டு மாதமாகவும் நீளும். வீட்டில் தொங்கும் பஞ்சாங்க நாட்காட்டியில் மூன்று நாட்களை வட்டமிடுங்கள்: இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21, சூரியன் கொழும்பின் உச்சிக்கு வரும் ஏப்ரல் 7, பிறகு பூரணை. புத்தாண்டு எப்படியும் நினைவில் இருக்கும்.

ஒரு சிறிய கொப்பியும் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு செலவு பெரிதாக இல்லை.

ஒரு மரம். ஒன்றே ஒன்று

முதல் ஆண்டு நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கெங்கே பூக்கள் பூத்திருக்கின்றன என்று விசாரித்து எட்டு மரங்களின் பட்டியலோடு ஆட்டோவில் கிளம்பினேன். விகாரமகாதேவிப் பூங்கா, சுதந்திரச் சதுக்கப் பக்கத்து வீதிகள் என்று கறுவாத்தோட்டம் முழுவதும் சுற்றினேன். வீடு திரும்பியபோது கைபேசியில் நிறையப் படங்கள் இருந்தன, மனதில் ஒன்றும் ஒட்டவில்லை. மரத்தைப் பார்ப்பது வேறு, அதனிடம் திரும்பத் திரும்பப் போவது வேறு. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அது அழகான மரமாக இருக்க வேண்டும் என்றில்லை. அரசமரம், மாமரம், வேம்பு எதுவும் நல்லது. முள்முருக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். கல்யாண வீட்டில் கன்னிக்காலாக நடும் அதே முருக்கு, ஆண்டின் முற்பகுதியில் இலையெல்லாம் உதிர்த்து வெறும் கொம்பில் குருதிச் சிவப்பாகப் பூக்கும்.

என்னுடையது புகையிரதப் பாதைக்கு இப்பால் நிற்கும் ஒரு வாதுமை. சிங்களத்தில் கொட்டம்பா என்பார்கள். குடை மேல் குடை வைத்ததுபோல அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் மரம். உள்ளங்கையைவிடப் பெரிய அதன் இலைகள் உதிர்வதற்கு முன் செம்பு நிறமாகச் சிவக்கும். பிறகு கடற்காற்றில் ஒவ்வொன்றாகக் கழன்று தண்டவாளச் சரளைக்கல்லில் தட்டென்று விழும். தாள் விழும் சத்தம் இல்லை அது. தோல் செருப்பு விழும் சத்தம். ஒரு பழுத்த இலையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். நடு நரம்பு மஞ்சளாக இருந்தது, அதை ஒட்டிய பகுதி இன்னும் பச்சை விடாமல் இருந்தது, ஓரம் மட்டும் முழுச் சிவப்பு. அதே கொம்பின் நுனியில் பச்சை மெழுகுதிரிபோல ஒரு குருத்து நிமிர்ந்து நின்றது. நான்கு நாள் கழித்துப் போனபோது அது ஐந்து இலைகளாகப் பிரிந்து கைவிரல்களைப்போல மேல்நோக்கி விரிந்திருந்தது. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்துக்கும் வசந்தத்துக்கும் இடையில் ஒரு நீண்ட பனிக்காலம் கிடக்கிறது. இந்த மரத்தில் இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான்.

செய்ய வேண்டியவை இவை. தினமும் ஒரே நேரத்தில் போங்கள். பத்து நிமிடம் போதும். முதலில் பட்டையில் கையை வையுங்கள். காலையில் குளிர்ச்சியாகவும் மாலையில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். பிறகு பேசாமல் நில்லுங்கள். திரும்பும்போது கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: அன்று கண்ட ஒரு மாற்றம். "குருத்தின் அடியில் எறும்பு வரிசை." "வடக்குக் கிளையில் இன்னும் பழைய இலை மூன்று." உணர்ச்சிகளை எழுத வேண்டாம். அவை தாமாக வரும், எழுதாமலே நிற்கும். படம் எடுப்பதை இந்தக் காலம் முடியும்வரை தள்ளிவையுங்கள். படம் எடுத்த மரத்திடம் மறுநாள் போகக் கால் எழுவதில்லை என்பது என் அனுபவம்.

மழை பெய்தால், வேலை இருந்தால், ஒரு நாள் தவறிவிட்டால் வருந்த வேண்டாம். மறுநாள் போங்கள்.

விடியலில் காது

கொழும்பில் இளவேனில் கண்ணுக்கு முன் காதுக்கு வந்துவிடுகிறது. அப்பரின் வீணைக்கு இங்கே குயில்தான். காலை ஐந்து மணிக்குச் சன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருங்கள். பள்ளிவாசலின் பஜ்ர் பாங்கு ஓய்ந்து, கோயில் மணிக்கு இன்னும் நேரம் இருக்கும் அந்த இடைவெளியில் குயில் தொடங்கும். தாழ்ந்த குரலில் ஆரம்பித்து ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி மேலே ஏறும். உச்சியில் சட்டென்று நிறுத்தும். சிங்கள அயலவர்கள் இதைக் கோஹா என்கிறார்கள். அது கூவினால் அவுருது வந்துவிட்டது என்று பொருள். நமக்கும் அவர்களுக்கும் புத்தாண்டை அறிவிப்பது ஒரே பறவை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கூவுவது கறுத்த ஆண் குயில். உடலெல்லாம் புள்ளிகளோடு இருக்கும் பெண் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும். குயில் இங்கே ஆண்டு முழுவதும் வாழும் பறவைதான். இனப்பெருக்கக் காலத்தில்தான் அதன் குரல் ஓயாமல் கேட்கும்.

இன்னொரு குரலையும் தேடுங்கள். மரம் அடர்ந்த தோட்டம் அருகில் இருந்தால் விடியலிலும் அந்தியிலும் இரண்டு தெளிவான விசில் ஒலிகள் கேட்கலாம். அது ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் குரல் கொடுப்பதால் வந்த பெயர். பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறுமாகத் தரையில் சருகுகளைப் புரட்டிக்கொண்டு திரியும் குட்டைவால் பறவை. இந்தியாவிலிருந்து ஐப்பசி வாக்கில் இங்கே வந்து, சித்திரையோடு திரும்பிப் போய்விடும். குயில் குரலெடுக்கும் அதே நாட்களில் ஆறுமணிக்குருவி விடைபெறுகிறது. அம்மா இல்லாத அந்தப் பங்குனியில், ஒரு குரல் ஓய்ந்த காலையில் மற்றக் குரல் மட்டும் கேட்டபோது நான் நெடுநேரம் படுக்கையிலேயே கிடந்தேன்.

இதைப் பிரார்த்தனையாக்குவது எளிது. குயில் உச்சியில் நிறுத்தியதும் ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தில் உங்கள் மந்திரத்தை ஒருமுறை சொல்லுங்கள். ஐந்தெழுத்தோ, ஜெபமாலையின் ஒரு மணியோ, ஒரு திக்ரோ. மறுபடி குயில் தொடங்கியதும் நிறுத்திக் கேளுங்கள். எண்ணிக்கை வேண்டாம். குயில் எப்போது முடிக்கிறதோ அப்போது எழுந்திருங்கள்.

பொய்கைக்கு ஒரு காலை

ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஈரநிலத்துக்குப் போங்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவும், தலவத்துகொடையில் தியசரு பூங்காவும் இருக்கின்றன. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கையின் கீழ், 2018இல் உலகில் முதன்முதலாக ராம்சர் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இந்தச் சதுப்புகள் மழை வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதால்தான் நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் இந்த அளவிலாவது தப்பிக்கின்றன. மீன்பிடிப்பூனையும் நீர்நாயும் இந்த நகரத்துக்குள்ளேயே வாழ்கின்றன என்று சொன்னால் வெள்ளவத்தையில் பலர் வியக்கிறார்கள். அவற்றைக் காண்பது அரிது. நீலத் தாழைக்கோழியும் நீர்க்காகமும் கபரக்கொய்யாவும் நிச்சயம் கண்ணில் படும்.

பூங்கா திறந்ததும் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குமேல் வெயில் தாங்காது. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, நுளம்புக்குப் பூசும் மருந்து. உடை மங்கலான நிறத்தில் இருக்கட்டும். பலகைப் பாதையில் முழுவதும் நடந்து முடிக்க நினைக்காதீர்கள். நிழலான ஒரு மூலையில் அரை மணி உட்காருங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒன்றும் இராது. நம்மைக் கண்டு ஒதுங்கியவை அதன் பிறகுதான் வெளியே வரும். ஒருமுறை என் காலடியில் இருந்து நான்கு அடி தூரத்தில் ஒரு நீர்க்காகம் ஏறிவந்து சிறகுகளை விரித்து உலர்த்தியது. அதன் மரகதப் பச்சைக் கண்ணை அவ்வளவு அருகில் கண்டபோது மூச்சுவிடவும் தயங்கினேன்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் எதற்கும் தீனி போடவேண்டாம், பூப் பறிக்கவேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிழல் மறையும் நேரம்

ஏப்ரல் 5ஆம் திகதி வாக்கில் சூரியன் இலங்கையின் தென்முனைக்கு நேர் மேலே வருகிறது. பிறகு ஒவ்வொரு நாளும் சிறிது வடக்கே நகர்ந்து 15ஆம் திகதி வாக்கில் பருத்தித்துறையைக் கடக்கிறது. கொழும்புக்கு 7ஆம் திகதியை ஒட்டிய ஓரிரு நாட்கள்.

அன்று மத்தியானம் நேரான சில்வர் பேணி ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். சமதரையில் கவிழ்த்து வையுங்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு பக்கமாக மெல்லிய நிழல் இருக்கும். அது நகத்தின் அளவாகி, நூலாகி, பன்னிரண்டே கால் ஆவதற்குச் சற்று முன் இல்லாமலே போய்விடும். பேணி நிலத்தின் மேல் நிற்கிறது, அதற்கு நிழல் இல்லை. உங்கள் நிழலும் உங்கள் பாதங்களுக்குள் ஒடுங்கிக்கிடக்கும். ஓரிரு நிமிடம்தான். பிறகு மறுபக்கத்தில் கோடாக முளைக்கத் தொடங்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்துக்குமேல் நிற்கவேண்டாம்.

சூரிய வணக்கத்தைப் பொங்கலோடு முடித்துவிடுகிறோம். எனக்கு இந்த மத்தியானமும் அதற்கு இணையானது. இன்னொன்றையும் பின்னர் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் அந்த ஓரிரு நாட்களில் சூரியன் நிற்பது சரியாக யாழ்ப்பாணத்தின் உச்சியில். அம்மா பிறந்து வளர்ந்த முற்றத்தில் நிழல் மறையும் நாட்களில்தான் நமக்கு ஆண்டு பிறக்கிறது.

பின்னேரங்களில் இடிமழை வரும் காலம் இது. காலை முழுவதும் நிலம் காய்ந்து, கடற்காற்று ஈரத்தை உள்ளே தள்ள, இரண்டு மூன்று மணிக்குமேல் மேகம் கறுக்கும். முதல் துளிகள் விழும்போது எழும் மண்வாசனையை வாசற்படியில் நின்று முகருங்கள். மொட்டைமாடியிலோ மரத்தடியிலோ கடற்கரையிலோ நிற்காதீர்கள். பங்குனி, சித்திரை மின்னல் உயிரை எடுக்கும். இடி முழக்கம் கேட்ட உடனே உள்ளே வாருங்கள். உங்கள் மரத்தை மழை விட்டபின் போய்ப் பாருங்கள்.

கடற்காற்று

தென்றல் தெற்கிலிருந்து வருவது. நம் மாலைக்காற்று மேற்கே கடலிலிருந்து வருகிறது. ஆனாலும் வெந்துபோன உடம்பு அதற்குத் தென்றல் என்றுதான் பெயர் வைக்கும். வைகாசி வாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இந்தக் கடல் சீறும். அதற்கு முந்திய வாரங்களில்தான் அது தணிந்து கிடக்கிறது.

காலிமுகத்திடலில் ஓர் இடத்தைப் பிடியுங்கள். அந்த நடைபாதையை 1859இல் கட்டி முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று கல்லில் பொறித்துவிட்டுப் போனார். அதனால் அம்மாமாரையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரை என்றால் தண்டவாளத்தைக் கடக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். அலைச்சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

மார்ச் 21 அன்று சூரியன் சரியாக மேற்கில் இறங்கும். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் அமர்ந்து பாருங்கள். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால், அந்த முட்டியின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வலப்புறம் நகர்ந்திருக்கும். நம் இருப்பிடம் மாறவில்லை, சூரியன் தன் பயணத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. அதைக் கையால் அளந்துவிட்டுக் கண்ணை மூடி, காற்று முகத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இருட்டும்வரை இருங்கள்.

மருத்துநீர்

புத்தாண்டு வரும்போது இத்தனை நாள் கண்ட மரம் செடிகள் எல்லாம் ஒரு போத்தலுக்குள் வந்து சேரும். தாழம்பூ, மாதுளம்பூ, தாமரைப்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என்று பலவற்றைக் காய்ச்சிய மருத்துநீரைக் கொழும்புக் கோயில்களில் வாங்கிக்கொள்ளலாம். விஷு புண்ணியகாலத்தில், பஞ்சாங்கம் சொல்லும் இலைகளைத் தலையிலும் காலடியிலும் வைத்து, மூத்தவர் கையால் தேய்த்து முழுக வேண்டும். அவசரமாகத் தலையில் தெளித்துவிட்டு ஷவருக்குள் ஓடாதீர்கள். போத்தலைத் திறந்து முதலில் முகருங்கள். எந்த வாசனை எந்தப் பூவினுடையது என்று வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்லட்டும்.

அம்மாவுக்கு அப்புறம் நாங்கள் கொண்டாடிய முதற் புத்தாண்டில் மகள் என் முன்னே தலையைக் குனிந்து நின்றாள். இனி மூத்த கை என்னுடையது என்பது அப்போதுதான் விளங்கியது. அவள் வகிட்டில் ஊற்றிய மருத்துநீர் நெற்றி வழியாக மூக்கு நுனிக்கு வந்து, ஒரு துளசியிலைத் துணுக்கோடு அங்கே நின்றது. "அம்மம்மாவின் மணம்" என்றாள்.

பூரணையில் முடிப்பது

கடைசி நாள் சித்திரா பூரணை. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள். கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள், சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். தாய் இருப்பவர்கள் அன்று அவரை அழைத்துக்கொண்டு நிலா பார்க்கப் போங்கள்.

அன்று போயா விடுமுறை. நிலா கிழக்கே காலி வீதிக் கட்டடங்களுக்குப் பின்னால் எழும், ஆகவே கடலைப் பார்த்து நிற்காதீர்கள். ஏழு ஏழரைக்கு அது கூரைகளுக்கு மேலே வந்துவிடும். அப்போது உங்கள் மரத்திடம் போங்கள். கொப்பியை எடுத்துப் பங்குனி முதலாம் திகதி எழுதிய வரியை நிலவொளியில் படித்துப் பாருங்கள். வெளிச்சம் போதாவிட்டால் வீதி விளக்கின் கீழ் நின்று படியுங்கள். என் கொப்பியின் முதல் வரி: "பழுத்த இலை பதினேழு. குருத்து ஒன்று." சென்ற பூரணையன்று எண்ணிப் பார்க்க முடியவில்லை. மரம் முழுவதும் மூடிவிட்டது. அடியில் நின்றவனுக்கு நிலாவே தெரியவில்லை, இலைகளின் நடுவே அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள் மட்டும். கஞ்சிச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பட்டையில் கைவைத்தபடி, கடைசி ரயில் போகும்வரை நின்றேன்.